கூடுதலாகக் கட்டியவள்

லுவான் ஹெட்ரிக்கின் வேலை மற்றவர்களுடைய மாதங்களை எண்ணுவது. எங்கள் மாவட்ட நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில் அவள் நன்னடத்தை அலுவலர். சிறைக்குப் போகாமல் தப்பியவர்களும், போய்ச் சீக்கிரம் திரும்பியவர்களும் மாதம் ஒருமுறை அவள் மேசைக்கு எதிரே உள்ள ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். வேலைக்குப் போகிறேன், குடிக்கவில்லை, ஒஹாயோ எல்லையைத் தாண்டவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்து நான்கு மாதம், முப்பத்தாறு மாதம் என்று ஆளுக்கொரு கணக்கு. வராத மாதம் சேராது. ஏன் சேராது என்று கேட்பவர்களுக்கெல்லாம் லுவான் ஒரே பதிலை வைத்திருந்தாள்.

"விதிய நான் எழுதல. எண்ண மட்டுந்தான் செய்யறேன்."

இப்படி அவள் எண்ணிய பத்து வருடமும் அவளை வேறொருவர் எண்ணிக்கொண்டிருந்தார். அவளைவிட மோசமாக எண்ணினார்.

லுவானுக்கு நாற்பது வயதாகும்போது, அவள் பதினேழு வருடம் வேலை பார்த்த மோட்டார் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் படிக்காதவர்கள் என்பதால் ஆலை மூடப்பட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மூடிய மறுநாளிலிருந்து எல்லோரும் அவர்களைப் படிக்கச் சொன்னார்கள். அவளும் படித்தாள். நான்கு வருடம், தன் வயதில் பாதிகூட இல்லாதவர்களோடு முன் வரிசையில் உட்கார்ந்து, குற்றவியல் பட்டம் வாங்கினாள். கூடவே மத்திய அரசிடம் ஐம்பத்திரண்டாயிரம் டாலர் கடனும் வாங்கினாள். பட்டம் சுவரில் ஏறியது. கடனும் ஏறியது.

2011 செப்டம்பரில் இந்த வேலை கிடைத்தபோது அவளுக்கு ஒரு சலுகையும் சேர்ந்து கிடைத்தது. அரசு வேலையிலோ பொதுச் சேவையிலோ இருப்பவர்கள் தங்கள் வருமானத்துக்கேற்ற தவணையை ஒழுங்காக நூற்றிருபது மாதம் கட்டினால் மீதிக் கடனை அரசே ரத்து செய்துவிடும். லுவானின் வருமானத்துக்கு மாதத் தவணை இருநூற்றுப் பதினான்கு டாலர் என்று வந்தது. வட்டி அதைவிட அதிகம். அதனால் கட்டக் கட்டக் கடன் வளரும். பரவாயில்லை, பத்தாவது வருடம் எல்லாம் போய்விடும் என்பதுதான் ஏற்பாடு. கடனைத் தீர்க்காமல் கட்டிக்கொண்டிருப்பதே கடன் தீரும் வழி என்ற இந்தத் தத்துவம் எனக்குப் புரியச் சில நாள் ஆனது. லுவான் உடனே புரிந்துகொண்டாள். நன்னடத்தைக் காவலும் அப்படித்தானே!

அவள் செய்த தவறு ஒன்றே ஒன்று. இருநூற்றுப் பதினான்குக்குப் பதில் இருநூற்றைம்பது கட்டினாள்.

எங்கள் ஊரில் இது தவறே அல்ல. டிராக்டர் கடனோ, மரச்சாமான் கடையின் தவணையோ, கேட்டதைவிடக் கொஞ்சம் சேர்த்துக் கட்டுவதுதான் இங்கே நாகரிகம். முழுத் தொகையாக்கி மேலே ஒரு பத்து டாலர் வைப்பார்கள். சென்ட் வரைக்கும் எண்ணிக் கட்டுகிறவனை யாரும் திட்டமாட்டார்கள். அவன் வீட்டு இறுதிச் சடங்குக்கு அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவரும் உருளைக்கிழங்கு கேசரோல் கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான்.

2021 செப்டம்பரில் லுவான் தன் நூற்றிருபது மாதமும் முடிந்துவிட்டதென்று விண்ணப்பித்தாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அவள் கடைசி ஒன்றரை வருடம் எதுவும் கட்டவில்லை. தொற்றுநோயால் அரசே தவணைகளை நிறுத்தி வைத்திருந்தது. கட்டாத அந்தப் பதினெட்டு மாதமும் கணக்கில் சேர்ந்திருந்தன. கட்டிய நூற்றிரண்டு மாதங்களில் ஐம்பத்து நான்கு மட்டுமே சேர்ந்திருந்தன. ஆகமொத்தம் எழுபத்திரண்டு. இன்னும் நாற்பத்தெட்டு பாக்கி.

அரசின் சார்பில் தவணை வாங்கும் நிறுவனத்துக்கு அவள் தொலைபேசியில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். என் இடம் அவள் அறைக்கு எதிரே உள்ள ஆவண அறை. மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசையில். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவள் சாண்ட்விச்சைப் பிரித்தாள். ஐம்பது நிமிடம் இசை கேட்டபின் ஓர் இளைஞன் வந்தான்.

"மேடம், நீங்க மாசாமாசம் முப்பத்தாறு டாலர் கூடக் கட்டியிருக்கீங்க. ஆறு மாசத்துல அது ஒரு முழுத் தவணை ஆயிடுது. அதனால ஏழாவது மாசம் நீங்க கட்ட வேண்டியது பூஜ்யம்."

"ஆனா ஏழாவது மாசமும் கட்டினேனே."

"கட்டினீங்க. ஆனா கட்ட வேண்டியிருக்கல. கட்ட வேண்டிய மாசத்துல கட்டினாத்தான் அது தவணை."

"சரி, எட்டாவது மாசம்?"

"ஏழாவது மாசம் கட்டினது எட்டாவதுக்குப் போயிடுச்சு. அதனால எட்டாவதும் பூஜ்யம். வருஷா வருஷம் நீங்க வருமானத்தக் காட்டி தவணைய மாத்தி எழுதும்போதுதான் கணக்கு புதுசா ஆரம்பிக்குது."

"அப்ப வருஷத்துல பாதி மாசம் நான் கட்டின காசெல்லாம் என்னது?"

அந்தப் பையன் கொஞ்சம் யோசித்தான். கேலி செய்யவில்லை, உண்மையிலேயே சரியான சொல்லைத் தேடினான் என்றுதான் நினைக்கிறேன்.

"அது உங்க நல்ல மனசு, மேடம்."

லுவான் போனை வைத்தாள். சாண்ட்விச்சைத் திரும்பச் சுற்றிப் பைக்குள் போட்டாள்.

"பத்து வருஷமா நான் ஆளுங்களுக்கு இதத்தான் சொல்லிட்டிருக்கேன், தெரியுமா?" என்றாள். "நான் எண்ண மட்டுந்தான் செய்யறேன்னு. எதிர்ப்பக்கம் உக்காந்து கேட்டா எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

நான்கு வருடம்தானே, பொறுத்துக்கொள் என்று வேறு யாரிடமாவது சொல்லியிருப்பேன். லுவானிடம் சொல்ல முடியாததற்குக் காரணம் ஒன்பதாம் நெடுஞ்சாலையில் இருந்தது.

அங்கே ஆர்டித் காஃப்மன் என்ற எழுபத்து நான்கு வயதுப் பெண்மணி நாய் விடுதி நடத்தினாள். ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் நாய்களை விட்டுவிட்டுப் போகும் இடம். முப்பத்திரண்டு கூண்டுகள், ஓடுவதற்கு வேலி போட்ட புல்வெளி, பின்னால் ஒரு சிறு வீடு. லுவான் ஒன்பது வருடமாகச் சனி, ஞாயிறுகளில் அங்கே சம்பளமில்லாமல் வேலை செய்தாள். காரணம் கேட்டால், "நாய் சொன்ன நேரத்துக்கு வரும். எங்க போயிருந்தேன்னு கதை விடாது" என்பாள். ஆர்டித்தின் இடுப்பு எலும்பு தேய்ந்துகொண்டிருந்தது. இடத்தை லுவானுக்கே விற்க அவளுக்கு ஆசை. வங்கிக்குத்தான் இல்லை. உங்கள் பெயரில் ஏற்கெனவே ஐம்பத்தேழாயிரம் நிற்கிறது, அது போகட்டும், பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

2022 கோடையில் ஆர்டித் கெடு வைத்தாள்.

"அம்மாடி, வாடகை வாங்கிச் சாமான் வெச்சுக்கிற கிடங்குக் கம்பெனிக்காரன் வந்தான். இடிச்சுட்டுத் தகரக் கொட்டகை போடறானாம். ஊர்ல நாய்க்கு இடமில்ல, எவனோ பழைய சோஃபாவுக்கு மட்டும் குளிர்சாதன அறை! ஜனவரி கடைசி வரைக்கும் உனக்காக வெச்சிருக்கேன். அதுக்கு மேல என் இடுப்பு பொறுக்காது."

இதில் வேடிக்கை என்னவென்றால், லுவானுக்கான வழி ஏறக்குறைய ஒரு வருடமாகத் திறந்தே கிடந்தது. அவள் விண்ணப்பம் மறுக்கப்பட்ட சில நாளிலேயே அரசு ஒரு தற்காலிக விலக்கை அறிவித்திருந்தது. முன்பு சேராமல் போன தவணைகளும் சேரும். முன்கூட்டிக் கட்டியவை, தவறான திட்டத்தில் கட்டியவை எல்லாம் சேரும். வேலை கொடுத்தவரின் சான்றுடன் படிவத்தை 2022 அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் அனுப்ப வேண்டும். லுவான் அதை நம்பவில்லை. நாளுக்கு நான்கு முறை அவள் போனில் ஒரு பதிவுக் குரல், "உங்கள் மாணவர் கடன் தள்ளுபடிக்குத் தகுதி பெற்றுவிட்டது" என்று வாழ்த்திக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்துக் காவலாளி கேரி அந்தக் குரலை நம்பி அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது டாலர் கொடுத்து, அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் படிவத்தை வாங்கியிருந்தான். இலவசம் என்று வருகிறவனை நம்பாதே என்று ஆரஞ்சு நாற்காலிக்குப் போதிப்பவள் லுவான். ஆகவே பொய்யை நம்பாத புத்திசாலித்தனம் உண்மையையும் சேர்த்து விரட்டிவிட்டது.

கெடு வந்தபின் நான் அரசின் இணையப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் பேனாவால் கோடு போட்டு மூன்று தரம் படித்தாள். அன்று சாப்பாட்டு மேசையில் கேரியும் இருந்தான்.

"உன் பொண்ணு கடன் மட்டும் எப்படி போச்சு?" என்று அவனைக் கேட்டாள்.

"அவ படிச்ச அழகுக்கலைப் பள்ளிய நடுவுலயே மூடிட்டாங்கல்ல. பள்ளி மூடினா கடன் ரத்து."

"படிச்சு முடிச்சிருந்தா?"

"கட்டியிருக்கணும்."

"அப்ப முடிக்காம இருந்தது அவ அதிர்ஷ்டம்." லுவான் அச்செடுத்த தாளைப் புரட்டினாள். "இதோ பாரு, வேற வழியும் போட்டிருக்கான். உடம்பு நிரந்தரமா முடியாமப் போனா ரத்து. பள்ளி நம்மள ஏமாத்தினத நிரூபிச்சா ரத்து. இருபது, இருபத்தஞ்சு வருஷம் வருமானத்துக்கு ஏத்தாப்பல கட்டினா ரத்து. செத்தா ரத்து."

"கடைசி வழிக்குப் படிவம் சின்னது," என்றான் கேரி.

"அதையும் தப்பா நிரப்பித் திருப்பி அனுப்புவாங்க. பேசாம இரு."

ஆகஸ்டில் படிவம் போனது. அதில் வேலை கொடுத்தவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் கிரெய்க் நீமையர் கையெழுத்திட்டார். நீமையர் நன்னடத்தைத் துறையின் தலைவர்; லுவானைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பணியாளர் அலுவலர் இடம் இரண்டு வருடமாகக் காலி என்பதால் அந்த அதிகாரமும் அவரிடமே இருந்தது. காகிதமில்லா அலுவலகம் என்பது அவருடைய லட்சியம். அலமாரிகளை ஏலம் விட்டார், பேக்ஸ் இயந்திரங்களை அகற்றினார். என் ஆவண அறையில் ஒன்று மிச்சமிருக்கிறது என்பதை நான் அவருக்கு நினைவூட்டவில்லை.

அக்டோபர் பன்னிரண்டில் பதில் வந்தது. நான்காம் பகுதி ஏற்கத்தக்கதல்ல. அவ்வளவுதான், ஏன் என்றில்லை. நான்காம் பகுதி முழுக்க நீமையர் நிரப்பியது. தேதிகள் சரி, மாவட்டத்தின் வரி எண் சரி, வாரத்துக்கு நாற்பது மணி நேரம் சரி. லுவான் பத்து நாள் போனில் காத்திருந்தாள். ஒருத்தி, "உங்கள் படிவத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை" என்றாள். இன்னொருவன், "குறை இருக்கிறது, ஆனால் எனக்குத் தெரியும் திரையில் அது வராது" என்றான். நீமையரைக் கேட்கலாம் என்று மாடிக்குப் போனால், அவர் இருபத்தோராம் தேதியே விடுமுறையில் போய்விட்டிருந்தார். வில்லோடு மான் வேட்டை. தெற்கு மலைப்பக்கம், போன் எடுக்காத காடு. நவம்பர் இரண்டாம் தேதி வருவார்.

இருபத்தாறாம் தேதி, புதன்கிழமை. ஆரஞ்சு நாற்காலியில் டெல்பர்ட் ரஸ்க் முறை. அறுபத்தொரு வயது. பிறர் கையெழுத்தில் காசோலை எழுதியதற்காகப் பதினான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். வெளியே இருபத்து நான்கு மாதக் கணக்கில் இன்னும் ஐந்து பாக்கி. நான் ஒரு வழக்குக் கோப்பு வாங்கிப்போக உள்ளே நுழைந்தபோது, அவர் மேசைமேல் கிடந்த படிவத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இது யாரு போட்டது?"

"அது உங்க விஷயமில்ல, டெல்பர்ட்."

"இல்லதான். ஆனா இது கையெழுத்தே இல்ல."

லுவான் நிமிர்ந்தாள். "என்னது?"

"கம்ப்யூட்டர்ல சாய்வெழுத்துல அடிச்சது. பாருங்க, இந்தப் பேர்ல ஒரே எழுத்து மூணு எடத்துல வருது. மூணும் அச்சு அசல் ஒண்ணா இருக்கு. மனுசன் கை அப்படி எழுதாது. முதல்ல நல்லா எழுதும், நடுவுல சோம்பல் படும், கடைசில ஓடிப்போயிடும்." அவர் தொண்டையைச் செருமினார். "முப்பது வருஷ அனுபவம், மேடம். தண்டனைக்கு முன்னாடி சொல்றேன்."

லுவான் படிவத்தின் குறிப்புகளைத் திருப்பினாள். ஏழாம் பக்கத்தின் அடியில், தட்டச்சு செய்த பெயர் கையெழுத்தாக ஏற்கப்படாது என்று, தட்டச்சைவிடச் சிறிய எழுத்தில் இருந்தது.

"இது நீமையர் போட்டதுதான். நான் கூடவே நின்னேன்," என்றாள்.

"போட்டது நிஜம். ஆனா பாத்தா போலி." டெல்பர்ட் நாற்காலியில் சாய்ந்தார். "அவரு எழுத்து எனக்குத் தெரியும். என் விடுதலைத் தாள்ல பேனாவுல போட்டிருக்காரு. அதப் பாத்து ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தந்துடுவேன். அவரு பொண்டாட்டிகூட அவருதுன்னு சத்தியம் பண்ணுவா."

நான் கையிலிருந்த கோப்பைப் படிப்பதுபோல் நின்றேன். லுவான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள். பிறகு, இதை நான் சொல்லத்தான் வேண்டும், மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்தாள். நீமையர் மனமார ஒப்புக்கொண்டதை அரசு போலி என்கிறது. டெல்பர்ட் ஒரு கோடு இழுத்தால் அதே அரசு அசல் என்று ஏற்கும். அதில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது. முப்பத்திரண்டு நாய்களுக்கும் வீடு இருக்கும்.

"டெல்பர்ட்."

"மேடம்."

"இப்ப நீங்க சொன்னது என் காதுல விழல. விழுந்திருந்தா உங்கள இன்னிக்கே நீதிபதி முன்னால நிறுத்தணும்."

"நான் எதுவும் சொல்லவே இல்லியே. வானிலையப் பத்திப் பேசிட்டிருந்தேன்."

"கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க. உங்க கையெழுத்த."

சனிக்கிழமை காலை நாங்கள் தெற்கே புறப்பட்டோம். நீமையரின் மனைவி வழி சொல்லியிருந்தாள்: இரண்டாவது பாலம் தாண்டிச் சிவப்புக் கதவு, நீல லாரி நிற்கும், பிறகு ஓடையோரமாக நடக்க வேண்டும். காட்டுக்குள் நுழையுமுன் லுவான் வண்டியின் பின்பக்கத்திலிருந்து பளிச்சென்ற இரண்டு ஆரஞ்சு மேல்சட்டைகளை எடுத்தாள்.

"போட்டுக்கோ. எவனாவது நம்மள மான்னு நெனச்சு அம்பு விட்டுடப்போறான்."

அவை சாலையோரக் குப்பை பொறுக்கும் தண்டனைக்காரர்களுக்கு அவள் கொடுப்பவை. முதுகில் "மாவட்டச் சமுதாயப் பணி" என்று இருந்தது. அப்படியே இரண்டு குற்றவாளிகளாக முக்கால் மணி நேரம் நடந்தோம். நீமையரை முதலில் பார்த்தது லுவான். ஓக் மரத்தில் பதினைந்தடி உயரத்தில், ஒரு பரண்மேல், இலை நிற உடையில், முகத்தில் கரி பூசி, துறைத் தலைவர் உட்கார்ந்திருந்தார்.

"கிரெய்க்!"

மரம் அசையவில்லை. பிறகு ஒரு கிசுகிசுப்பு இறங்கியது. "லுவான்? அட கடவுளே! சத்தம் போடாதீங்க."

"ஒரு கையெழுத்து வேணும்."

"என்னது?"

"கையெழுத்து! பேனாவுல! நீங்க கம்ப்யூட்டர்ல அடிச்சத ஏத்துக்கல. திங்கக்கிழமை கடைசி நாள்!"

"மெதுவா! மூணு மணி நேரமா ஒரு கிடா அந்தப் பக்கம் நிக்குது. எட்டுக் கிளைக் கொம்பு."

"எனக்குப் பத்து வருஷமா நிக்குது."

பிறகு, வில்லை மேலே இழுக்க வைத்திருந்த கயிறு மெல்லக் கீழே வந்தது. லுவான் அட்டைப் பலகையில் படிவத்தைக் கவ்வவைத்து, பேனாவை நூலால் கட்டி, கயிற்றில் முடிந்தாள். அது ஆடி ஆடி மேலே போனது.

"தேதியையும் நீங்களே எழுதணும்!" என்று கத்தினாள்.

"இன்னிக்கு என்ன தேதி?"

"இருபத்தொம்பது!"

ஓடைக்கு அப்பால் ஏதோ ஒடிந்தது. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு கிடா ஓடியது. நீமையர் அதைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். கிசுகிசுப்பதை நிறுத்திவிட்டார்.

"பன்னெண்டு நாள் லீவு போட்டிருந்தேன், லுவான்."

"காகிதமில்லா அலுவலகம், கிரெய்க்."

அவர் முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மரம் ஆடியதால் கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தது. ஓரத்தில் கரி பூசிய பெருவிரல் ரேகையும் விழுந்திருந்தது.

திங்களன்று ஹாலோவீன், எல்லோரும் பேய் வேடம் போடும் பண்டிகை. நீதிமன்றமே வேடத்தில் இருந்தது. கேரி எலும்புக்கூடாக வந்திருந்தான். என் பழைய பேக்ஸ் இயந்திரத்தில் படிவத்தை அனுப்பிவிட்டு, சென்று சேர்ந்தது என்ற சீட்டு வரும்வரை மூவரும் நின்றோம். சீட்டு வந்ததும் லுவான் அதைக் கிழித்து, இரண்டாக மடித்து, பையில் வைத்தாள். சிரிக்கவில்லை. அவள் இதுவரை அனுப்பிய எல்லாவற்றுக்கும் சீட்டு வந்திருந்தது.

நவம்பர் போனது. டிசம்பரில் ஆர்டித் ஊன்றுகோலிலிருந்து நடைவண்டிக்கு மாறினாள். கிடங்குக் கம்பெனிக்காரன் நிலத்தை அளக்க ஆள் அனுப்பினான். நாய்கள் முப்பத்திரண்டும் அவனை ஒருமிக்கக் குரைத்து அனுப்பின. லுவான் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் தன் கணக்கைத் திறந்து பார்ப்பாள். எழுபத்திரண்டு எண்பத்தேழாகியிருந்தது. அவ்வளவுதான். கடந்துபோன மாதங்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்ந்திருந்தன.

ஜனவரி இருபத்து நான்காம் தேதி அவள் என்னைக் கூப்பிடவில்லை. சாப்பிட வரவும் இல்லை. எட்டிப்பார்த்தேன். ஆரஞ்சு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தன் நாற்காலியில் அல்ல, எதிரே இருப்பதில். திரையை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். தகுதியான தவணைகள்: நூற்று முப்பத்தைந்து. நிலுவை: பூஜ்யம்.

"கட்ட வேண்டியது பூஜ்யம்னு இதுக்கு முன்னாடியும் போட்டிருந்தான்," என்றாள். "இந்தத் தடவை கட்டமாட்டேன்."

அடுத்த வாரம், ஆர்டித்தின் கெடு முடியுமுன், வங்கி சம்மதித்தது; லுவான் வேலையை விட்டாள். எங்கள் கதை இத்துடன் இனிதாக முடிந்திருக்கும், டெல்பர்ட் மட்டும் இல்லாதிருந்தால்.

டெல்பர்ட்டின் கடைசி மாதங்களைக் குறைத்து முன்கூட்டியே விடுவிக்கலாம் என்று ஒரு பரிந்துரையை லுவான் செப்டம்பரிலேயே எழுதி வைத்திருந்தாள். அக்டோபர் இருபத்தாறுக்குப் பிறகு அதை அனுப்பவில்லை. படிவத்தில் அவர் கண்டுபிடித்துச் சொன்னதை உள்ளபடி ஒரு குறிப்பாக எழுதி, கோப்பை வேறொரு அலுவலரிடம் மாற்றினாள். அவர் போட்டுத் தருவதாகச் சொன்ன கையெழுத்தைப் பற்றி எழுதவில்லை. வானிலையைப் பற்றி எழுத அந்தக் குறிப்பில் இடமில்லை. புதிய அலுவலர் எச்சரிக்கையான ஆள். பரிந்துரை பெட்டிக்குள் போனது. டெல்பர்ட் ஐந்து மாதமும் முழுதாக வந்தார்.

லுவான் தன் மேசையைக் காலி செய்த நாளில் அவர் தாழ்வாரத்தில் காத்திருந்தார்.

"வாழ்த்துகள் மேடம். உங்களுக்கு நாப்பத்தெட்டு மாசத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்களாமே."

"குடுத்துட்டாங்க."

"எனக்கு அஞ்சு மாசம் குறையும்னு ஒரு பேச்சு இருந்துச்சு."

"இருந்துச்சு. நீங்க உதவி பண்ணின பிறகு நான் குறைச்சா, அது கூலி மாதிரி ஆயிடும். அதான் கோப்ப மாத்தினேன்."

"அப்ப நான் வாயத் திறக்காம இருந்திருந்தா?"

லுவான் பெட்டியைக் கீழே வைத்தாள். "குறைஞ்சிருக்கும்."

"நல்லா இருக்கு மேடம், உங்க நியாயம்! கேட்டதுக்கு மேல ஒண்ணு செஞ்சேன். அது எந்தக் கணக்குல சேரும்?"

அவள் பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தொலைபேசிப் பையன் சொன்ன அந்த 'நல்ல மனசு' அவள் நாக்கு நுனி வரை வந்ததை நான் பார்த்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"எந்தக் கணக்குலயும் சேராது, டெல்பர்ட். அது தப்புதான்," என்றாள். "விதிய நான் எழுதலன்னு சொல்லமாட்டேன். இந்தத் தடவ நான்தான் எழுதினேன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார்; ஒரு காசோலையைப் பார்ப்பதுபோல் என்று எனக்குப் பட்டது. பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி வரை வந்தார். மார்ச்சில் அவர் கணக்கு முடிந்தது. ஜூலையில் ஒரு கிழட்டு பீகிள் நாயோடு ஒன்பதாம் நெடுஞ்சாலைக்கு வந்தார். புளோரிடாவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறாராம், மாநில எல்லையைத் தாண்டி. லுவான் பதிவேட்டை நீட்ட, கையெழுத்துப் போட்டார். பணம் வாங்க மாட்டேன் என்று அவள் சொல்ல, அவர் முழுத் தொகையையும் எண்ணி வைத்தார்.

"கூலி மாதிரி ஆயிடும், மேடம்."

நாய் விடுதிக்கு வங்கி பதினைந்து வருடக் கடன் தந்திருந்தது. முதல் தவணை கட்ட லுவான் போனபோது, என் வேலையாக நானும் அங்கே இருந்தேன். ஆயிரத்து நூற்றெண்பத்தேழு டாலர் நாற்பது சென்ட். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் ஊர்க்காரி.

"ஆயிரத்து இருநூறா வெச்சுக்கலாமா, லுவான்? எல்லாரும் அப்படித்தான் கட்டுவாங்க. இங்க கூடக் கட்டினா அசல்ல கழியும், வட்டி குறையும். நல்லதுதான்."

அவள் சொன்னது உண்மை. இந்தக் கடனில் கூடுதலாகக் கட்டினால் லாபம்தான். அதை லுவானுக்கு நான் முன்பே கணக்குப் போட்டும் காட்டியிருந்தேன்; பதினைந்து வருடத்தில் மூன்று மாதம்போல் குறையும்.

"எனக்குத் தெரியும்," என்றாள் லுவான்.

பணப்பையைத் திறந்து, நோட்டுகளை வைத்தாள். பிறகு அடியில் விரல்விட்டுத் துழாவி, நாணயம் நாணயமாக நாற்பது சென்டை எடுத்துக் கவுண்டரில் வரிசையாக வைத்தாள். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரசீது வரும்வரை அவள் நகரவில்லை.